குழந்தைகளின் மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் மருத்துவராகப் புறநோயாளிப் பிரிவில் உட்காரும்போது திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. மலச்சிக்கலுக்கு நாம் மருந்தைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். வயிற்றுப்போக்குக்கோ வேண்டாத மருந்தையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, வேண்டிய ஒரு பொட்டலத்தை மறந்துவிடுகிறோம். இரண்டிலும் அவதிப்படுவது பேசத் தெரியாத குழந்தை.

மூன்று மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான். ஆறு நாளாக வெளிக்குப் போகவில்லை. மலச்சிக்கலா?

பெரும்பாலும் இல்லை. பிறந்த முதல் சில வாரங்களில் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் போகும் குழந்தை, ஆறு வாரம் தாண்டியதும் திடீரென்று இடைவெளி விடும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகள் ஒரு வாரம், சிலர் பத்து நாள்கூடப் போகாமல் இருந்துவிட்டு, பிறகு மஞ்சளாக, இளகலாக, நிறையப் போவார்கள். நாளை எண்ணாதீர்கள், பதத்தைப் பாருங்கள். பால் நன்றாகக் குடிக்கிறது, எடை ஏறுகிறது, வயிறு தொட்டால் மெத்தென்று இருக்கிறது, போகும்போது இளகலாகப் போகிறது என்றால் ஒரு மருந்தும் வேண்டாம்.

முதல் மாதத்தில் மட்டும் கணக்கு வேறு. அந்த வயதில் குழந்தை குறைவாகப் போனால் பால் போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். எடை பார்த்துவிடுங்கள். புட்டிப்பால் கொடுப்பவர்கள் டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி பொடியும் தண்ணீரும் கலக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பசி அடங்கட்டும் என்று ஒரு கரண்டி கூடப் போட்டால் மலம் இறுகும்.

முகம் சிவக்க முக்கி, பத்து நிமிடம் கதறுகிறாள். கடைசியில் பார்த்தால் தண்ணீர் மாதிரிதான் போயிருக்கிறாள். ஏன்?

முக்குவதற்கு வயிற்றை இறுக்க வேண்டும், அதே நொடியில் ஆசனவாயைத் தளர்த்த வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய அவளுக்கு இன்னும் பழகவில்லை. ஒன்பது மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைகளிடம் இதைப் பார்க்கலாம், தானாகச் சரியாகிவிடும். மலம் இளகலாக இருக்கும்வரை இது மலச்சிக்கல் இல்லை. ஆசனவாயில் எதையாவது வைத்து உதவ வேண்டாம். வைத்தால், அந்தத் தூண்டுதல் வந்தால்தான் போக முடியும் என்று உடம்பு பழகிக்கொள்ளும்.

மாமியார் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைக்கிறார். சிலர் சோப்புத் துண்டு வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பாட்டிமார் மீது எனக்குக் கோபம் இல்லை. மருத்துவர் பத்து மைல் தள்ளி இருந்த காலத்தில் கையில் இருந்ததைக் கொண்டு குழந்தையைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். ஆனால் காம்பு உள்தோலைக் கீறிவிடும். சோப்பு அந்த மெல்லிய சவ்வை எரித்துப் புண்ணாக்கும். புண்ணான இடம் அடுத்த முறை வலிக்கும், வலித்தால் குழந்தை அடக்கும். அங்கிருந்துதான் உண்மையான மலச்சிக்கல் ஆரம்பிக்கிறது.

கூடவே இன்னும் சில. சேனை வைப்பதாக நாக்கில் தேன் தடவாதீர்கள். ஒரு வயதுக்கு முன் எந்த வடிவிலும் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும், உடம்பு துவண்டுபோகும். அந்த நோயின் முதல் அறிகுறியே பல நேரம் மலச்சிக்கல்தான். வயிற்றைச் சுத்தம் செய்ய மாதம் ஒருமுறை பேதிக்குக் கொடுப்பதும் வேண்டாம், குடல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். பூச்சிக்குத்தான் என்றால் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள், அது போதும். தொக்கம் எடுக்கக் குழந்தையைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். வாயில் ஊதுவதும் தொண்டைக்குள் விரலை விடுவதும் குழந்தையின் உயிரைப் பறித்துவிடும்.

பிறந்த குழந்தையிடம் எதை அவசியம் கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயங்கள்.

கரும்பச்சையாகத் தார் போல வரும் முதல் மலம், பெரும்பாலான குழந்தைகளுக்கு 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். 48 மணி நேரம் தாண்டியும் வரவில்லை, வயிறு உப்புகிறது என்றால் குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு முடிச்சுகள் உருவாகாமல் போயிருக்கலாம். அந்தப் பகுதி சுருங்கியே கிடக்கும், அதற்கு மேலே இருக்கும் குடல் வீங்கும். கோபன்ஹேகன் நகரக் குழந்தை மருத்துவர் ஹரால்டு ஹிர்ஷ்ப்ரங் 1886இல் இதை விவரித்தார், அவர் பெயரிலேயே அந்த நோயை அழைக்கிறோம். ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும், ஆண் குழந்தைகளுக்கே அதிகம். மலக்குடலில் சிறு சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். நரம்பில்லாத பகுதியை அறுவை செய்து நீக்கினால் பிள்ளை நன்றாக வளரும்.

இரண்டாவது, வாந்தி பச்சையாக வருவது. பிறந்த குழந்தை இலைப்பச்சையில் வாந்தி எடுத்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்போதே கிளம்புங்கள்.

மூன்றாவது, மலம் வெள்ளையாக, சுண்ணாம்பு கரைத்தது போல இருப்பது. இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் காமாலையும் கூடவே வெளுத்த மலமும் இருந்தால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று இரண்டு மாதத்தைக் கடத்திவிட்டு வரும் குழந்தைகளைப் பார்க்கும்போது மனது உடைந்துபோகிறது.

ஆறு மாதத்தில் கூழ் ஆரம்பித்ததும் இறுகிவிட்டது.

சகஜம்தான். கூழைக் கொஞ்சம் தளர்த்துங்கள், மசித்த காய், பப்பாளி, ஊறவைத்துக் கரைத்த உலர்திராட்சை சேருங்கள், இடையிடையே கொதித்து ஆறிய தண்ணீர் கொடுங்கள். ஒரு வயதுவரை பசும்பாலை முக்கியப் பானமாகக் கொடுக்க வேண்டாம்.

மூன்று வயது மகன். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான், கால்களைப் பின்னிக்கொள்கிறான், வேர்த்துக் கொட்டுகிறது. எவ்வளவோ முக்கியும் வரவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவன் முக்கவில்லை, அம்மா. அடக்குகிறான். நுனிக்காலில் நின்று, பிட்டத்தை இறுக்கி, வந்ததை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறான். ஒருநாள் ஏதோ காரணத்தால் மலம் கட்டியாகப் போயிருக்கும். காய்ச்சல் வந்து சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கலாம், பயணமாக இருக்கலாம், கக்காவுக்கு உட்காரப் பழக்கும்போது வீட்டில் அவசரப்படுத்தியிருக்கலாம். அன்று வலித்தது, ஆசனவாயில் ஒரு சின்ன வெடிப்பும் விழுந்தது. அடுத்த முறை உணர்வு வந்தபோது அந்த வலி ஞாபகத்துக்கு வந்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டான். உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இன்னும் பெரிதாகும், இன்னும் இறுகும். மறுமுறை இன்னும் வலிக்கும். பயந்தது சரிதான் என்று குழந்தைக்கு உறுதியாகிவிடும்.

மலச்சிக்கலோடு வரும் குழந்தைகளில் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டவர்களுக்கு உடம்பில் வேறு நோய் எதுவும் இருக்காது. இந்தச் சுழல்தான் நோய். அதனால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று ஓட வேண்டியதில்லை. எடை ஏறாமல் இருப்பது, பிறந்த முதல் மாதத்திலேயே சிக்கல் ஆரம்பித்தது, வயிறு நிரந்தரமாக உப்பியிருப்பது, கால் பலவீனம், முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ தெரிவது போன்றவை இருந்தால்தான் மேற்கொண்டு தேட வேண்டும்.

சுழலை உடைக்க ஒரே வழி, இனிமேல் வலிக்காது என்று குழந்தையின் உடம்பு நம்ப வேண்டும். வார்த்தையால் அந்த நம்பிக்கையைக் கொடுக்க முடியாது. மாதக்கணக்கில் ஒவ்வொரு முறையும் மெத்தென்று போனால்தான் வரும். அதற்குத்தான் மருந்து. அதுவரை உட்காரப் பழக்குவதைக்கூடக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். டயப்பரில்தான் போவேன் என்றால் டயப்பரிலேயே போகட்டும். முதலில் பயம் போக வேண்டும், இடம் பிறகு மாறிக்கொள்ளும்.

ஏழு வயதுப் பெண். தினமும் ஜட்டியில் ஆக்கிக்கொண்டு வருகிறாள். கேட்டால் தெரியவில்லை என்கிறாள். சோம்பேறித்தனமா?

அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. நம்புங்கள்.

நாள்பட்டு மலம் தேங்கினால் மலக்குடல் ஊதிய பலூன் போல விரிந்துவிடும். விரிந்த குடலுக்கு, நிறைந்துவிட்டது என்ற உணர்வு மங்கிப்போகும். உள்ளே பந்து மாதிரி கட்டி அடைத்திருக்க, மேலிருந்து வரும் புது மலம் இளகலாக அதைச் சுற்றி வழிந்து கசிகிறது. அதை நிறுத்துவது அவள் கையில் இல்லை. பார்ப்பவர்களுக்கு வயிற்றுப்போக்கு போலத் தோன்றும். அதனால் சில வீடுகளில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள், அடைப்பு இன்னும் கெட்டியாகிவிடும்.

இந்தப் பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள். சூடு வைத்துவிடுவேன் என்ற மிரட்டலைக் கேட்கிறார்கள், வகுப்பில் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜட்டியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு தகப்பனாரிடம், உங்கள் மகள் வேண்டுமென்றே செய்யவில்லை, அவளுக்கு அந்த உணர்வே வருவதில்லை என்று விளக்கினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மகளின் தலையில் கை வைத்தார். அதுவரை மேசையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

சிகிச்சையின் முதல் படி அடைப்பை அகற்றுவது. சில நாட்களுக்கு வாய்வழி மருந்தைக் கூடுதல் அளவில் கொடுத்தாலே பெரும்பாலும் கரைந்து வந்துவிடும். எனிமா சிலருக்கு மட்டுமே தேவைப்படும். அந்த நாட்களில் கசிவு முதலில் கூடும், தண்ணீராகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அடைப்பு உடைகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். விடுமுறையில் ஆரம்பித்தால் குழந்தைக்குச் சங்கடம் இருக்காது.

மருந்து பழக்கமாகிவிடாதா? எத்தனை நாள் கொடுக்க வேண்டும்?

பழக்கமாகாது. முதலில் நாங்கள் எழுதுவது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடி. அது உடம்பில் ஏறக்குறைய சேர்வதே இல்லை. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். அதற்கு அடுத்தது லாக்டுலோஸ் சிரப், இது செரிக்காத ஒரு சர்க்கரை, கொஞ்சம் வாயு உண்டாக்கும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, எனவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய சீட்டை வைத்து வாங்காதீர்கள்.

குறைந்தது இரண்டு மாதம். தொந்தரவெல்லாம் நீங்கி ஒரு மாதமாவது ஆன பிறகே, அதுவும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதங்கள் பிடிக்கும். நான் பார்க்கும் தோல்விகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி: பத்து நாள் கொடுத்தோம், நன்றாகப் போனான், நிறுத்திவிட்டோம். சிகிச்சை எடுக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மருந்தில்லாமல் இருக்கும் நிலைக்கு வருகிறார்கள். மற்றவர்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

மருந்தில்லாமல் சாப்பாட்டிலேயே சரிசெய்ய முடியாதா? தினமும் வாழைப்பழம் கொடுக்கிறேன்.

ஆரம்ப நிலையில் முடியும். கட்டி அடைத்த பிறகு கீரையையும் பழத்தையும் மட்டும் திணித்தால் வயிறு உப்பும், அவ்வளவுதான். நன்கு பழுத்த வாழைப்பழம் நல்லது, அரைக்காய் இறுக்கும். கொய்யா, பப்பாளி, கீரை, அவரை, முழுப்பயறு, தோலோடு ஆப்பிள் என்று குடும்பத்தில் எல்லோரும் சாப்பிடுவதையே கொடுங்கள்.

பாலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சாப்பிட மாட்டேன் என்கிறான் என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு டம்ளர் பால் கொடுக்கும் வீடுகள் நிறைய. ஒரு வயதுக்கு மேல் அரை லிட்டருக்கு மிஞ்சவே கூடாது. பால் வயிற்றை நிறைத்துச் சோற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடும், மலத்தை இறுக்கும், இரும்புச்சத்தையும் குறைத்துவிடும். பாலைக் குறைத்த இரண்டாம் வாரத்திலேயே பசியெடுத்துச் சாப்பிட ஆரம்பிக்கும் பிள்ளைகள் உண்டு.

பள்ளியில் கழிப்பறைக்கே போக மாட்டேன் என்கிறாள்.

அந்தக் கழிப்பறையை நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, வகுப்பு நடக்கும்போது போக அனுமதிக்கிறார்களா? குழந்தை சொல்லும் காரணம் பெரும்பாலும் நியாயமானது. ஆசிரியரிடம் தனியாகப் பேசி, இந்தக் குழந்தை கேட்டால் உடனே அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுங்கள். நானும் அப்படிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் சாப்பிட்ட அரைமணி நேரத்துக்குள் உட்காரவைப்பது நல்லது, வயிறு நிறைந்ததும் பெருங்குடல் தானாக அசையும். ஐந்து பத்து நிமிடம் போதும். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள், அந்தரத்தில் கால் தொங்கினால் முக்க வராது. போனால் பாராட்டுங்கள், போகாவிட்டாலும் உட்கார்ந்ததற்குப் பாராட்டுங்கள். கைப்பேசியைக் கையில் கொடுக்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடிப் பொட்டலத்தைப் பிரியுங்கள். பேதியால் குழந்தை இறப்பது தண்ணீரும் உப்பும் போவதால்தான். போனதைத் திரும்பக் கொடுத்துவிட்டால், கிருமியை உடம்பே பார்த்துக்கொள்ளும்.

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்து பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலையில், திலீப் மகலநாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களே நோயாளிகளுக்குப் புகட்டும்படி செய்தார். அந்த முகாமில் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, நான்குக்கும் கீழே வந்தது. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் பொட்டலத்துக்குப் பின்னால் இருப்பது இந்த வரலாறு. குடலில் குளுக்கோஸும் உப்பும் கைகோத்துத்தான் உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். அதனால்தான் வெறும் தண்ணீர் போதாது.

பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுவதுமாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கண்ணளவில் கலந்தால் உப்பு ஏறிவிடும், அது ஆபத்து. 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேலே 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு கரண்டியாக நிதானமாகக் கொடுங்கள்.

பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லதே.

மருந்துக் கடையில் டெட்ரா பாக்கெட்டில் ஆரஞ்சு சுவையில் கொடுத்தார்கள். அதுவும் ஓ.ஆர்.எஸ். தானே?

அட்டையில் உலக சுகாதார நிறுவனத்தின் விகிதம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது சர்க்கரைப் பானம். அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். இந்தக் குழப்பத்தால்தான் 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உணவுப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. குளிர்பானம், பாக்கெட் ஜூஸ், குளுக்கோஸ் பொடி எல்லாமே இதே கணக்குத்தான்.

போக்கை உடனே நிறுத்த மருந்து இல்லையா?

போக்கை நிறுத்தப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் லோபரமைடு மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், குடல் அசைவு நின்று வயிறு ஊதிவிடும். ஆன்டிபயாடிக் பெரும்பாலான பேதிக்கு வேண்டாம், ரத்தமும் சளியுமாகப் போகும் சீதபேதிக்கு மருத்துவர் பார்த்துக் கொடுப்பார். வேண்டியது ஜிங்க், அதாவது துத்தநாகச் சத்து. ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டிலிருந்து ஆறு மாதம்வரை 10 மில்லிகிராம், 14 நாள். போக்கு மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுங்கள். குடலின் உள்தோல் சீக்கிரம் ஆறும், அடுத்த சில மாதங்களுக்குப் பேதி வரும் வாய்ப்பும் குறையும்.

பட்டினி போடாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இட்லி, தயிர்ச்சோறு, பருப்பு கலந்த குழைந்த சாதம் எல்லாம் கொடுக்கலாம்.

பல் முளைப்பதால்தான் பேதி என்கிறார்களே?

பல் காரணமில்லை. அந்த வயதில் குழந்தை தவழ்ந்து, கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிறது.

ரோட்டா சொட்டு மருந்து அவசியமா?

அவசியம். 6, 10, 14ஆவது வாரங்களில் அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2017இல் வந்தது. இந்தியாவில் உருவான ரோட்டாவாக் மருந்தைச் சோதித்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. எல்லாப் பேதியையும் இது தடுக்காது. ரோட்டா வைரஸால் வந்து குழந்தையைப் படுக்கவைக்கும் கடுமையான பேதியிலிருந்துதான் காக்கும்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்?

கண் குழிவிழுந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் இல்லை, நாக்கு வறண்டிருக்கிறது, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கிள்ளிவிட்ட வயிற்றுத்தோல் மெல்லத்தான் திரும்புகிறது, துவண்டு தூங்கிக்கொண்டே இருக்கிறது, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, மலத்தில் ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள், வழியெல்லாம் கரண்டியால் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் நல்ல ஆரோக்கியமான குழந்தை, திடீரென்று காலை மடக்கி வீறிட்டு அழும். கொஞ்ச நேரத்தில் அடங்கி வெளுத்துச் சோர்ந்து கிடக்கும், மறுபடி வீறிடும். பிறகு வாந்தி, ரத்தமும் சளியும் கலந்த மலம். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சட்டைக் கை மாதிரி செருகிக்கொண்டிருக்கலாம். உரம் விழுந்துவிட்டது என்று புடவையில் போட்டு உருட்டிப் பொழுதைக் கழிக்காதீர்கள். சீக்கிரம் வந்தால் ஸ்கேனில் பார்த்து, ஆசனவாய் வழியாகக் காற்றையோ திரவத்தையோ செலுத்தியே பல குழந்தைகளுக்குச் சரிசெய்துவிடலாம். ரத்தம் வரும்வரை காத்திருந்தால் அறுவை சிகிச்சை ஆகிவிடலாம்.

மருத்துவரிடம் வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

மலத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள், முடிந்தால் டயப்பரையே ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நிறம், பதம், ரத்தம் எல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தப் பதத்தில், வலித்ததா, கசிந்ததா என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள். இதுவரை கொடுத்த மருந்துப் புட்டிகளையும், நாட்டு மருந்து எதுவென்றாலும் அதையும் கொண்டுவாருங்கள், யாரும் திட்டப்போவதில்லை. குழந்தை பெரியவள் என்றால் ஜட்டியில் கசிவதைப் பற்றி அவள் எதிரிலேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லத் தொடங்காதீர்கள். முதலில் அவளிடம் நானே பேசிக்கொள்கிறேன்.